பட்டுப்புடவையில் மூன்று ஞாயிறுகள்

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. அதற்குப் பதில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு படிவம் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள் மகள்.

படிவம் எனக்குப் புதிதில்லை. இந்த ஊருக்குள் நான் வந்ததே ஒரு படிவத்தின் வழியாகத்தான். கணவரைச் சார்ந்திருப்பவள் என்று முதலில் ஒன்று. நிரந்தரவாசி என்று அடுத்தது. குடியுரிமைக்கு ஒரு கட்டு. எல்லாவற்றிலும் ஒரு புகைப்படம் ஒட்ட வேண்டும். பின்னால் வெள்ளைச் சுவர் இருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. பத்தொன்பது வருடத்தில் சிரிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்கள், "மாலா ரொம்ப மாறிட்டா" என்று சொல்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருந்தது வேறு வகை. மகளின் பள்ளியிலிருந்து வந்தது. மேற்படி ஓவியத்தில் இருக்கும் நபர் நான்தான், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் உறுதி கூற வேண்டுமாம். கீழே பெயர், கையெழுத்து, ஓவியருக்கும் எனக்கும் உள்ள உறவு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அன்று திங்கள்.

எனக்கு ஆட்சேபம் இருந்தது. அந்த ஓவியத்தில் நான் நைட்டியில் உட்கார்ந்திருந்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு நைட்டியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே லிட்டில் இந்தியா என்ற நம்மவர் கடைவீதியில், ஒரு சந்துக் கடையில், கூரையிலிருந்து தரை வரை தொங்குவதும் அதே நைட்டிதான். விமானத்தில் வருவதால் அதன் குணம் மாறிவிடுவதில்லை. முதல் துவைப்பில் சாயம் போகும், இரண்டாவது துவைப்பில் தோள் இறங்கும், மூன்றாவது துவைப்புக்குப் பிறகு அதைவிட வசதியான உடை உலகத்தில் கிடையாது. என்னுடையது அரக்குச் சிவப்பில் சின்னச் சின்ன மஞ்சள் பூ போட்டது.

அதோடு ஒரு துண்டும் உண்டு. எங்கள் வீடு புக்கிட் மேராவில், பழைய அடுக்குமாடி புளோக்கில் ஏழாவது மாடி. வாசலுக்கு வெளியே நீளமான பொது நடைபாதை. இரும்புக் கதவின் கம்பி வழியாக, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் எங்கள் கூடத்தில் பாதி தெரியும். பார்சல் கொண்டுவருபவர், அடுத்த வீட்டுச் சீனத் தாத்தா, மின்தூக்கி பழுது பார்ப்பவர், தேர்தல் சமயத்தில் வேட்பாளர். மணி அடித்தால் கை தானாக நாற்காலி முதுகுக்குப் போகும். அங்கே தொங்கும் நீலத் துண்டு தோளுக்கு வரும். தோளில் துண்டு விழுந்துவிட்டால் நைட்டி மரியாதையான உடையாகிவிடுகிறது. இது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று தெரியாது, ஆனால் திருநெல்வேலி முதல் சிங்கப்பூர் வரை நடைமுறையில் இருக்கிறது.

இனி என் மகளைப் பற்றி. பெயர் இலக்கியா. பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். பெயர் வைத்தது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வயது வரை பள்ளியில் நடந்த ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே என் பின்னால் சமையலறைக்கும் கழிவறைக் கதவுவரைக்கும் வருவாள். அதற்குப் பிறகு அறைக்கதவு சாத்திக்கொண்டது. இப்போது ஒரு நாளைக்கு நான்கு வாக்கியம் பேசுகிறாள். "ம்மா, சார்ஜர் எங்க?" "ஐ ஆம் நாட் ஹங்ரி லா." "லேட்டாவும்." "நத்திங்." நான்காவது, நான் என்ன கேட்டாலும் வரும் பதில். 'லா' என்பது இந்த ஊர் ஆங்கிலத்துக்கு இருக்கும் வால்.

நான் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிறர் வீட்டு நாலு வயதுப் பிள்ளைகள் என்னிடம் வாய் ஓயாமல் தமிழில் பேசுவார்கள். மாலை வீட்டுக்கு வந்தால் சாத்திய கதவு. இதைப் புகாராகச் சொல்லவில்லை. வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியிருக்க, இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் தானாகவே வெளியே வந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் படம் வரையும் சின்ன நோட்டு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் வந்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. உடம்புக்கு ஏதாவதா என்றுகூடப் பயந்தேன்.

"ஆர்ட் கோர்ஸ்வொர்க்மா. உங்கள வரையணும். ஓகேவா?"

நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பெரிய புத்தகத்தைக் காட்டினாள். நூறு வருடத்துக்கு முன்பு பாரிஸில் இருந்த ஒரு பிரெஞ்சு ஓவியருடைய படங்கள். அவர் பெயரை மகள் மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள், என் வாயில் நிற்கவில்லை. தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது அவருக்கு மரியாதை என்று விட்டுவிடுகிறேன்.

அவர் வரைந்தது எல்லாம் வீட்டுக்குள்தான். ராஜா இல்லை, போர் இல்லை, சாமி இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம், பூப்போட்ட தொளதொள கவுனில் ஒரு வயதான அம்மா குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார். சுவர் எங்கே முடிந்தது, அம்மா எங்கே ஆரம்பித்தார் என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். அது அவருடைய சொந்த அம்மாவாம். வீட்டிலேயே பெண்களுக்கு இடுப்புக் கச்சை தைத்துக் கொடுத்துப் பிழைத்தவராம். அந்த ஓவியர் கல்யாணம் செய்துகொள்ளாமல், தனக்கு அறுபது வயது ஆகும்வரை அம்மாவோடேயே இருந்து அம்மாவையே திரும்பத் திரும்ப வரைந்தாராம்.

"நல்ல பையன்" என்றேன்.

"ம்மா, அவர் பெரிய ஆர்ட்டிஸ்ட்."

"அதுவும் இருக்கட்டும்."

3

என்னை வரையப்போகிறாள் என்றதும் நான் செய்ததை எந்தத் தமிழ்ப் பெண்ணும் செய்திருப்பாள். வீட்டைச் சுத்தம் செய்தேன். மேசைமேல் இருந்த மருந்து டப்பா, மின்கட்டண உறை, பாதி தின்ற பிஸ்கட், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். மூங்கில் கழியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். கணவர் சேகர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அவருடைய மஞ்சள் தலைக்கவசம் எப்போதும் சோபாமேல் கிடக்கும், அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு, என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகையோடு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அறையிலிருந்து வந்த இலக்கியா மேசையை ஒரு முறை சுற்றி வந்தாள்.

"ம்மா... டேபிள் கிளாத் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. துவைக்கப் போட்டேன்."

"அப்பா ஹெல்மெட்?"

"வரையறப்போ அது எதுக்கு?"

அவள் உதட்டைக் கடித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள், பிறகு, "ஓகே. அப்டியே இருங்க. கையில ஏதாச்சும் வச்சுக்குங்க" என்றாள். வெங்காயக் கூடையை எடுத்து மடியில் வைத்தேன். பட்டுப்புடவையில் சின்ன வெங்காயம் உரிக்கும் பெண்ணை நானே அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மூன்று ஞாயிறுகள் இப்படி உட்கார்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவை நல்ல ஞாயிறுகள். இரண்டு மணி நேரம் அவள் என்னை மட்டுமே பார்த்தாள். கைபேசியைத் தொடவில்லை. பென்சில் ஓடும்போது தன்னையறியாமல் பேசுவாள். கூடப் படிக்கும் ஒருத்தி தன்னைக் கூட்டத்தில் சேர்க்காமல் விட்டது, தமிழ் வாய்மொழித் தேர்வில் 'புறக்கணிப்பு' என்ற சொல் வராமல் கையை ஆட்டிக் காட்டியது, தன் ஓவியத்தை ஆசிரியர் 'சேஃப்', அதாவது துணிச்சல் இல்லாதது, என்று சொன்னதால் கழிவறையில் போய் அழுதது. எனக்கு ஒன்றும் தெரியாமல் நான்கைந்து வருடம் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெங்காயம் இருந்ததால் கண்ணைத் துடைக்க வசதியாக இருந்தது.

பிறகு எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆரம்பித்தாள். அவள் அறைக்கதவு மறுபடி சாத்திக்கொண்டது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனைக்குச் சேகர் மட்டும் அடிக்கடி கதவைத் தட்டி, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் பட்டறையில் செய்வதுபோல, 'எளிதில் தீப்பற்றும்' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். மகள் அதைக் கிழிக்கவில்லை, அவள் வயதில் அது பெரிய மரியாதை.

4

திங்கட்கிழமை படிவத்தைப் பார்த்ததும், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்க அவள் அறைக்குப் போனேன். அவள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. படத்தை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். என் இடுப்பு உயரம்.

பச்சைப் பட்டு எங்கேயும் இல்லை. மல்லிகை இல்லை.

பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது, அதில் அச்சடித்த ஆரஞ்சுப் பழங்களோடு. மருந்து டப்பா இருந்தது. மூங்கில் கழியில் துணி தொங்கியது. சோபாவில் மஞ்சள் தலைக்கவசம். எல்லாவற்றுக்கும் நடுவில், விரிப்பின் பழங்களோடு பழமாக நைட்டியின் பூக்கள் கலந்து, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, ஒரு காலை நாற்காலிமேல் மடித்து வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். முகம் ஒரு பழுப்புத் தீற்றல்தான். ஆனால் நான்தான் என்பதில் சந்தேகமே கிடையாது. ஊரில் இருக்கும் நீங்கள் பார்த்தாலும், "அது மாலால்ல?" என்பீர்கள். கைகள் மட்டும் அந்த மூன்று ஞாயிறுகளில் பார்த்து வரைந்தவை. விரலை மடக்கியிருந்த விதத்தில் அடையாளம் தெரிந்தது.

நீலத் துண்டு நாற்காலி முதுகில் தொங்கியது. என் தோளில் இல்லை.

அவள் வந்ததும் கேட்டேன். "அப்ப மூணு வாரம் நா எதுக்கு பட்டுப்புடவை கட்டிட்டு உக்காந்தேன்?"

"நீங்க ரொம்ப ஹேப்பியா இருந்தீங்க. சொல்ல மனசு வரல."

"இதெப்ப வரைஞ்ச?"

"காலைல. நீங்க ஸ்கூலுக்கு... ஐ மீன், வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. டெய்லி ஸ்கெட்ச் பண்ணேன். நீங்க பார்க்கல."

கண்காட்சி எங்கே என்று கேட்டேன். ஃபேரர் பார்க்கில் ஒரு சமூக மண்டபத்தில், இரண்டு வாரத்துக்கு. நான் வேலை பார்க்கும் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடை. என்னிடம் பிள்ளையை விடும் பெற்றோர் அத்தனை பேரும் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போகிறார்கள். நான் போகும் சனிக்கிழமைத் தேவார வகுப்பும் அதே கட்டடத்தில்தான். "டீச்சர், உங்கள படத்துல பாத்தோம்" என்று ஒரு அப்பா சொல்வதை நினைத்துப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது.

"வேற படம் வைக்க முடியாதா?"

"வேற இல்லம்மா. எய்ட் மந்த்ஸ் இதத்தான் செஞ்சேன். ஆர்ட் காலேஜ் ஆளுங்க எக்ஸிபிஷனுக்கு வருவாங்க, பார்த்துட்டுத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. ஃபார்ம் இல்லன்னா ஹேங் பண்ண மாட்டாங்க."

என் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்குக் கல்லூரி இல்லை. கையெழுத்து இருந்தால் எனக்கு ஃபேரர் பார்க்கில் முகம் இல்லை. இதுதான் நிலவரம்.

5

சேகரிடம் சொன்னேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த களைப்போடு ஓவியத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். பட்டறையில் சாரக்கட்டைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தார்.

"நா இல்லையே இதுல?"

"உங்க ஹெல்மெட் இருக்குப்பா" என்றாள் மகள்.

கிட்டே போய்ப் பார்த்தார். "தாடைல மாட்டுற சின் ஸ்ட்ராப்கூட கரெக்டா போட்டிருக்கா" என்று எனக்குச் சொன்னார். அதோடு அவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"நைட்டில இருக்கேன். அது தெரியலையா உங்களுக்கு?"

"பத்தொம்போது வருஷமா அதுலதான இருக்க? எனக்கு வித்தியாசமா படல."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை மகளிடம் சொன்னேன். புடவை வேண்டாம், நைட்டியே இருக்கட்டும். நாற்காலியில் தொங்கும் துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிடு. நாலு தீற்றல். நான் கையெழுத்துப் போடுகிறேன். இதைவிட நியாயமான உடன்பாட்டை எந்த அரசாங்கமும் செய்ததில்லை என்று நினைத்தேன்.

அவள் தூரிகை துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள்.

"முடியாதும்மா."

"ஏன்? ஒரு துண்டுதான?"

"நீங்க எப்ப துண்டு போடுவீங்க? பெல் அடிச்சா. யாரோ வந்திருந்தா." அடுத்ததற்குத் தமிழ் தேடினாள். தேடிக் கண்டுபிடித்தே சொன்னாள். "இந்தப் படத்துல உங்களப் பார்க்கிறது நான். என்னப் பார்த்து நீங்க எதுக்குத் துண்டு போடணும்? நா வெளியாளாம்மா?"

நான் ஒரு தமிழ் ஆசிரியை. மகள் தமிழிலேயே மடக்கிவிட்ட கோபத்தில், "வெளியில மாட்டப்போறல்ல, அப்ப பாக்கறவங்க வெளியாள்தான். துண்டு இல்லன்னா கையெழுத்து இல்ல" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

புதன்கிழமை வேலை முடிந்து வந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. அவள் அறைக்கதவு திறந்திருந்தது. படம் ஜன்னலைப் பார்த்து நின்றது. துண்டு என் தோளில் இருந்தது.

குறை சொல்ல முடியாத வேலை. மடிப்பு விழுந்த துண்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு. கழுத்திலிருந்து மார்பு வரை ஒழுங்காக மூடியிருந்தது. நாற்காலி முதுகு காலியாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள். மேசைமேல் படிவம், பக்கத்தில் பேனா.

பேனாவை எடுத்தேன். எடுத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பார்த்தேன். மடித்த கால், கலைந்த கொண்டை, விரிப்பின் பழங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அந்தப் பெண் இப்போது யாரோ வாசலில் நிற்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எப்போது போவார்கள் என்று காத்திருப்பவள்போல இருந்தாள். அது அவள் வீடுபோலவே இல்லை.

இதே மாதிரி ஒரு படத்தை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று தேடவேண்டிய அவசியம் இல்லை. கூடத்துச் சுவரில் இருக்கிறது.

என் அம்மா பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் இங்கே வந்து ஐந்தாவது வருடம் இறந்தார். இலக்கியாவுக்கு அப்போது மூன்று வயது. பெரிதாக்கி மாட்ட ஒரு படம் வேண்டுமே என்று தம்பி வீடு முழுக்கத் தேடியிருக்கிறான். கிடைத்தது பென்ஷன் புத்தகத்துக்கு எடுத்த ஒன்று. பழைய வாயில் புடவை, தாலிச் சரட்டில் கொத்தாக நாலைந்து ஊக்கு. அம்மா எப்போதும் அப்படித்தான். வார்டில் யாருக்கு எது கிழிந்தாலும் அந்தச் சரட்டிலிருந்துதான் ஊக்கு போகும். ஸ்டுடியோக்காரர், கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை போட்டுத் தருகிறேன் என்றாராம். தம்பி எனக்குப் போன் செய்து, "அக்கா, என்ன கலர் போடச் சொல்லட்டும்?" என்று கேட்டான்.

மயில் கழுத்து நிறம் என்று சொன்னேன். ஊக்குகளை எடுத்துவிட்டு ஒரு காசுமாலையும் போடச் சொன்னேன். அதைச் சொன்னது நான்தான். விமான டிக்கெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு சொன்னேன்.

அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கழுத்துவரை அம்மா, அதற்குக் கீழே யாரோ. தொடக்கப்பள்ளியில் இலக்கியா ஒரு கட்டுரை எழுதினாள்: 'என் பாட்டி எப்போதும் பட்டுப்புடவையும் காசுமாலையும் அணிந்திருப்பார்.' பிழை ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் பச்சை மையில் 'நன்று' போட்டிருந்தார். நானும் திருத்தவில்லை. ஈரத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ரேடியோவைவிடச் சத்தமாக எங்களைத் திட்டிக்கொண்டே இட்லி எடுக்கும் அம்மாவை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. நாலு பேர் பார்ப்பார்களே என்று என் அம்மாவை நானே அழித்துவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இதுவரை அந்தப் படத்தைப் பார்க்க வரவில்லை. தினமும் பார்ப்பது நான்தான்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

7

அவள் வந்தபோது நான் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"சைன் பண்ணிட்டீங்களா?"

"இத எடுக்க முடியுமா?"

"எத?"

"துண்ட."

பையை இறக்காமல் நின்றாள். "ம்மா, நீங்கதான சொன்னீங்க. ஐ டிட் எக்ஸாக்ட்லி வாட் யூ வான்ட்டட்."

"ஆமா. நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். எடுக்க முடியுமா, முடியாதா?"

கிட்டே போய், துண்டின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தொட்டாள். விரலில் நீலம் ஒட்டியது. இன்னும் காயவில்லை. அடியில் இருக்கும் நைட்டி வரைந்து பல வாரம் ஆனதால் காய்ந்திருக்கும், அதனால் மேலே இருப்பதை மட்டும் துடைத்துப் பார்க்கலாம், ஆனால் அடியிலும் கொஞ்சம் போகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். நைட்டி போய்விட்டால் மறுபடி வரைய நாள் கிடையாது. மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வண்டி வந்து படங்களை எடுத்துப் போகிறது.

ஒரு பழைய துணியில் டர்பன்டைனை ஊற்றினாள். இரண்டு முறை படத்துக்கு அருகில் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தாள். எட்டு மாத வேலை அது.

"நீங்க துடைங்கம்மா. என்னால முடியல."

"எனக்கு என்ன தெரியும்?"

"டேபிள் துடைப்பீங்கல்ல, அந்த மாதிரி. மெதுவா. மேல இருந்து கீழ."

துடைத்தேன். பத்தொன்பது வருடமாக அந்த மேசையைத் துடைத்த கை, அதே மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் துடைத்தது. முதலில் வெள்ளைக் கோடு போனது, பிறகு நீலம் துணியில் வந்தது, அடியிலிருந்து அரக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக வந்தன. தோளுக்கு வந்தபோது கொஞ்சம் அழுத்திவிட்டேன். மூன்று நான்கு பூக்களும் கொஞ்சம் சிவப்பும் நீலத்தோடு சேர்ந்தே என் விரலுக்கு வந்துவிட்டன. அங்கே ஒரு மங்கலான தேய்மானம் விழுந்தது, துவைத்துத் துவைத்துச் சாயம் போன இடம் மாதிரி.

எனக்கு உயிர் போய்விட்டது. "ஐயோ, கெடுத்துட்டேனா?"

இலக்கியா பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு இடிக்கும்வரை போனாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஓடிவந்து என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"தொடாதீங்க. இனிமே ஒண்ணும் தொடாதீங்க. அப்படியே விடுங்க."

"சரியாக்கிடலாமா?"

"சரியாத்தான் இருக்கு. அந்த ஷோல்டர் எனக்கு வரவே இல்லம்மா, எட்டு மாசமா வரல. புது டிரெஸ் மாதிரியே இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "இப்பதான் உங்க நைட்டி."

பிறகு என் பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் இருக்கும் பாட்டி படத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று அன்று அவளுக்குச் சொன்னேன். ஊக்கைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பக்கம் தொங்கும், எத்தனை இருக்கும், என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாலு வாக்கியத்துக்கு மேலேயே பேசினோம். குழம்பு வைக்கவில்லை, அன்று எல்லாரும் ரொட்டி தின்றோம்.

8

அந்தப் பிரெஞ்சு ஓவியரின் அம்மாவை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பூப்போட்ட தொளதொள கவுன், குனிந்த முதுகு, நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லாத வேலை. அந்த அம்மாவிடம் யாராவது படிவம் கொடுத்திருந்தால், 'இரு, நல்ல உடை மாற்றிக்கொண்டு வருகிறேன்' என்றுதான் சொல்லியிருப்பார். அறுபது வயது மகனுக்கும் திட்டு விழுந்திருக்கும். நல்லவேளை, அந்தக் காலத்துப் பாரிஸில் இந்த நடைமுறை இல்லை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு பெற்றோர் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்து போகிறது. தேவார வகுப்பில் என்ன பேசுவார்கள் என்று ஒத்திகையே பார்த்துவிட்டேன். இருந்தாலும் அன்று மாலையே, கையைக்கூடக் கழுவாமல், கையெழுத்துப் போட்டு அவள் பையில் வைத்துவிட்டேன். கழுவப் போனால் மனசு மாறிவிடும் என்ற சந்தேகம்தான். 'ஓவியருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தது. அம்மா என்று தமிழில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலைக் கேட்டால் சின்ன வயது, சீனப் பெண். படிவம் கிடைத்துவிட்டது, தமிழில் எழுதியதுகூடப் பரவாயில்லை, கூகுளில் பார்த்துக்கொண்டாளாம். ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இருக்கிறதாம். கோப்பில் வைக்க வேண்டும், வேறு ஒரு படிவம் அனுப்புகிறேன், கறை இல்லாமல் சுத்தமாகப் போட்டுத் தர முடியுமா, ஆண்ட்டி?

இந்த ஊரில் எந்த அலுவலகம் எதைக் கேட்டாலும் நான் இதுவரை மறுத்ததில்லை. காதைக் காட்டச் சொன்னால் காட்டியிருக்கிறேன், சிரிக்காதே என்றால் சிரித்ததில்லை.

"முடியாதும்மா" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு அவளுக்குப் புரிய ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கையெழுத்தும் என்னுடையது, அந்தக் கறையும் என்னுடையது, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஓகே லா, ஆண்ட்டி" என்றாள்.